மருத்துவ ஆராய்ச்சிக்கு விவரந் திரட்டும் முறை

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் நம்மிற் பலருடைய மனக்கண்முன் தோன்றுவன கண்ணாடிக் குழாய்களும், நுண்பெருக்கிக் கருவிகளும், வெள்ளெலிகளுமேயாம். அவ்வகை ஆராய்ச்சியின் பெருமையை யாரும் மறுக்கார். ஆயினும், பயனில் அதனோடு ஒத்ததாய், புகழில் அதனினும் குறைந்ததாய், மற்றொருவகை ஆராய்ச்சியுண்டு. ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது; அம்மருந்து அரசாங்கச் செலவில் இலவசமாகவும் வழங்கப்படுகிறது; எனினும் அதை உட்கொள்ளத் தொடங்கிய நோயாளிகளுட் சிலர் முதல் மாதத்திலேயே இறந்துபடுகின்றனர். காரணம் யாது? அவர்கள் காலந்தாழ்த்து வந்தனரா? வந்த அன்று அவர்தம் நிலையின் கொடுமையை அறியாமல் நாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டோமா? படுக்கை கிடைக்கவில்லையா? இவ்வினாக்களுக்கு எந்த நுண்பெருக்கியும் விடை கூறாது. நோயாளியைப் பார்க்கும் இடத்தில், பார்ப்பவராலேயே, பார்க்கும்போதே எழுதப்படும் குறிப்புக்கள்தாம் விடை கூறும்.

இந்நாளில் அக்குறிப்புக்கள் கணினியிலும் கைபேசியிலும் ஏறுகின்றன. அதனால் விளையும் நன்மை பெரிது. சங்ககிரியில் எழுதியதைச் சென்னையில் அன்றே படிக்கலாம். ஆயிரம் சீட்டுக்களை எண்ணிக் கூட்டுதற்கு ஒரு மாதம் சென்ற காலம் போய், ஒரு நொடியிற் கூட்டிவிடலாம். ஆனால், “முதலிற் செயலியைச் செய்விப்போம், எதைக் கேட்பதென்பதைப் பின்னர் நினைத்துக்கொள்வோம்” என்று தொடங்குவோரும் மலிந்துவிட்டனர். அது தறி நாட்டுமுன் சேலைக்கு விலைபேசுவதை ஒக்கும். திரட்டும் விவரம் மெய்யாய் இருத்தல் வேண்டுமாயின், அதை எழுதுகிறவருக்கு அதனால் அன்றே ஒரு பயன் இருத்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. நம் மாநிலத்திலேயே, அண்மையில், நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களையும் உள்ளிட்டு நடந்த ஒரு முயற்சியைக்கொண்டு அதை விளக்குவாம்.

அதற்குமுன் பழைய வரலாறு சிறிது. 1860ஆம் ஆண்டில் இலண்டனிற் கூடிய அனைத்துநாட்டுப் புள்ளிவிவர மாநாட்டுக்குப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஒரு திட்டம் அனுப்பினார். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் மனம்போனபடி நோய்களுக்குப் பெயரிட்டுக் கணக்கு வைத்திருந்தமையால், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட வழியில்லை; ஆகவே எல்லா மருத்துவமனைகளும் ஒரேவகைப் படிவத்தை நிரப்புதல் வேண்டும் என்பது அத்திட்டம். மாநாடு அதை ஏற்றது. இலண்டன் மருத்துவமனைகள் சிலவற்றில் கையாண்டும் பார்த்தனர். எனினும் அப்படிவங்கள் நிலைபெறவில்லை. அவை மிக விரிந்தனவாயும் நிரப்புவோர்க்குப் பளுவாயும் இருந்தன. கணக்கில் அத்துணைத் தேர்ச்சி பெற்ற அம்மையாருடைய படிவமே இவ்வாறாயிற்றெனின், நாம் எச்சரிக்கையாய் இருத்தல் தகும்.

இதற்கு மாறான வெற்றி நம் சென்னையிலேயே நிகழ்ந்தது. 1956ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருந்தாய்வு நிலையத்தை அமைத்தன. காசநோயாளியை மலைக்காற்றும் நல்லுணவும் உள்ள விடுதியிற் கிடத்தியே குணப்படுத்த வேண்டும் என்பது அந்நாளைய கொள்கை. படுக்கைகளோ மிகச் சில. நோயாளிகளோ பல இலக்கம். அந்நிலையத்தார் 193 நோயாளிகளைத் திருவுளச்சீட்டு முறையால் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை விடுதியிலும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலுமாக ஒரே மருந்தை ஓராண்டு உட்கொள்ளச் செய்தனர். வீட்டிலிருந்தோர் வறுமையில் இருந்தும், நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்தும், ஏறக்குறைய விடுதியிலிருந்தோரைப் போலவே குணமடைந்தனர். 1959இல் இம்முடிவு வெளிவந்தபின், உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கே மாறிற்று.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது மருந்தையன்று, குறிப்பெழுதிய முறையை. “மருந்து தவறாமல் சாப்பிட்டீரா?” என்று கேட்டால், “சாப்பிட்டேன்” என்பதே விடையாகும், டாக்டர் முகத்தைப் பார்த்து வேறு சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆகலின் அந்நிலையத்தார், முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்தின் அடையாளம் உண்டா என்று பார்த்தனர். அந்நாளில் அவர்களுக்குக் கணினியில்லை. சொல்லை மட்டும் நம்பாமல் எண்ணியும் அளந்தும் எழுதும் வழக்கம் இருந்தது.

இனி நம் காலத்துக்கு வருவாம். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் 30 மாவட்டங்களில் ‘தமிழ்நாடு காசநோய் இறப்பிலாத் திட்டம்’ தொடங்கப்பெற்றது. மாநிலக் காசநோய்ப் பிரிவினரும், சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தாரும் அதை வகுத்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட வினா ஒன்றே. காசநோயால் இறப்போரிற் பெரும்பாலார் நோய் கண்டறியப்பட்ட முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறக்கின்றனர். அவ்வாறு இறக்கக்கூடியவர் இன்னார் என்பதை நோய் கண்டறிந்த அன்றே, ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, டாக்டரும் ஆய்வுக்கூடமும் இன்றி அறிந்துகொள்ள இயலுமா?

நாடு முழுவதற்குமான ‘நிக்ஷய்’ என்னும் காசநோய்ப் பதிவேடு 2012 முதல் கணினியில் இயங்கிவருகிறது. அதில் நோயாளியின் பெயரும், நோயின் வகையும், மருந்தும், இறுதியில் குணமடைந்தாரா இறந்தாரா என்பதும் பதிவாகின்றன. இறந்தார் என்பது அங்கே தெரியும். வந்த அன்று எந்நிலையில் வந்தார் என்பதே வேண்டியிருந்தது. ஆகவே ‘டி.பி. சேவா’ என்னும் தனிச் செயலி ஒன்று ஆக்கப்பட்டது.

அதற்கென அவர்கள் தேர்ந்த விவரங்கள் ஐந்து. உயரத்துக்கேற்ற எடை உண்டா என்பது ஒன்று. கால்கள் இரண்டும் வீங்கியுள்ளனவா என்பது ஒன்று. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பது ஒன்று. விரலில் மாட்டும் சிறு கருவி காட்டும் உயிர்வளிச் செறிவு ஒன்று. பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா என்பது ஒன்று. எடைக் கணக்கு 14 அல்லது அதற்குக் கீழிருப்பினும், 14க்கும் 16க்கும் இடையிலிருந்து கால்வீக்கமும் கூடியிருப்பினும், அந்நோயாளி கடுமையாய் மெலிந்தவர். மூச்சுக்கு நிமிடத்துக்கு 24 என்பதும், உயிர்வளிச் செறிவுக்கு நூற்றுக்கு 94 என்பதும் எல்லைகள். துணையின்றி நிற்க இயலாமை தானே ஓர் அபாயக் குறி. இவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்படின், அந்நோயாளியை உடனே மேல்மருத்துவமனைக்கு அனுப்பி, அங்கே டாக்டர் முற்றும் சோதித்து, உட்கிடையாய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டும். செவிலியரோ சுகாதாரப் பணியாளரோ சில நிமிடங்களில் இதைப் பார்த்துவிடலாம். வேண்டிய கருவிகள் ஓர் எடைப்பொறி, ஓர் உயரக்கோல், ஒரு கடிகாரம், விரற்கருவி ஆகியவையே.

ஐந்து போதுமா என்று சிலர் ஐயுறலாம். நீரிழிவு உண்டா, மதுப்பழக்கம் உண்டா, சேகோ ஆலையில் வேலையா, விசைத்தறியா, குடும்ப வருமானம் எவ்வளவு, சமையல் விறகடுப்பிலா என்று கேட்கவேண்டியவை எத்தனையோ உள்ளனவே என்பர். “கேட்டுவைத்தால் என்றேனும் உதவும்” என்பது ஆராய்ச்சியாளரிடையே வழங்கும் ஒரு மயக்கம். ஒரு கேள்விக்குப் பத்து நொடி என்று வைத்துக்கொள்வோம். அறுபது கேள்விக்குப் பத்து நிமிடமாயிற்று. முப்பது பேருக்கு ஐந்து மணி. எந்தச் சுகாதார நிலையத்தில், எந்தச் செவிலியருக்கு, ஒருநாளில் ஐந்து மணி நேரம் மிஞ்சியிருக்கிறது? மிஞ்சாதபோது நிகழ்வது யாதெனின், மாலையில் எல்லாருஞ் சென்றபின், நினைவிலிருந்தும் ஊகத்திலிருந்தும் கட்டங்கள் நிரப்பப்படும். அங்ஙனம் நிரம்பிய அறுபது விவரங்களை எத்துணை உயர்ந்த கணினியில் இட்டுக் கடைந்தாலும் வெண்ணெய் திரளாது. மோரே இல்லாத பானையில் மத்து சுழல்வதாய் முடியும்.

அதனினும் நுட்பமானது மற்றொன்று. அறுபது கேள்வியின் விடையும் சென்னைக்கோ டில்லிக்கோ போய்விடும். எழுதிய செவிலியருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. மேற்கூறிய ஐந்தோ அப்படியன்று. அவற்றை எழுதிய அக்கணமே, இவரை வீட்டுக்கு அனுப்பலாமா, 108 ஆம்புலன்சை அழைக்கலாமா என்பது தெரிந்துவிடுகிறது. தம் கண்முன் நிற்கும் மனிதருடைய உயிர் அவ்வெண்ணைப் பொறுத்தது என்பதை அறிந்தவர், எண்ணைப் பொய்யாய் எழுதக் கூசுவர். சிகிச்சைக்கு வேண்டிய விவரமும் ஆராய்ச்சிக்கு வேண்டிய விவரமும் ஒன்றாகவே அமைந்தமைதான் இத்திட்டத்தின் சிறப்பு என்று யாம் கருதுகிறோம்.

ஆயினும் உண்மையாய் அளப்பவரும் பிழையாய் அளத்தல் கூடும். எடைக் கணக்கு என்பது கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் இருமடிப்பெருக்கத்தால் வகுத்து வருவது. ஒருவர் உயரம் 160 சென்டிமீட்டர். எடை 35 கிலோ. 1.6ஐ 1.6ஆற் பெருக்க 2.56, 35ஐ 2.56ஆல் வகுக்க 13.67. இவர் 14க்குக் கீழ். அன்றே சேர்க்கப்பட வேண்டியவர். ஆனால் நோயால் முதுகு கூனி நிற்கும் அவரை நிமிர்த்தாமல் அளந்து 155 என்று எழுதிவிட்டால்? 1.55ஐத் தன்னாற் பெருக்க 2.4025, 35ஐ அதனால் வகுக்க 14.57. கால் வீங்கியிராவிடில் இவர் எல்லைக்கு அப்பாற் போய்விடுகிறார். மருந்துச் சீட்டுடன் வீட்டுக்குச் செல்கிறார். ஐந்து சென்டிமீட்டர், ஏறக்குறைய மூன்று விரற்கடை, ஒரு மனிதனை மருத்துவமனையினின்று வெளியே தள்ளிவிட்டது. இங்கே கணினி செய்யத்தக்க உதவி ஒன்றுண்டு. வகுத்தற் கணக்கைச் செவிலியர் தலையிற் சுமத்தாமல், உயரத்தையும் எடையையும் மட்டும் வாங்கிக்கொண்டு கணினியே வகுத்துக்கொள்ளலாம். கூனலை நிமிர்த்துவது கணினியால் ஆகாது. அது பயிற்சியால் ஆவது.

மூச்செண்ணுதலும் அத்தகையதே. முழுநிமிடம் கடிகாரத்தைப் பார்த்து மார்பின் ஏற்றத்தாழ்வை எண்ணுதல் வேண்டும். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும். ஆகலின் நாடி பிடிப்பதுபோற் கையைப் பிடித்துக்கொண்டே எண்ணுவர். அவசரத்தில் எண்ணாது எழுதுவோர் பெரும்பாலும் 18 என்றோ 20 என்றோ எழுதுவது உலகெங்கும் காணப்பட்ட வழக்கம். ஒரு நிலையத்தின் ஏட்டிற் பக்கம் பக்கமாக 18, 20, 18, 20 என்றே இருப்பின், அங்கே மூச்சு எண்ணப்படவில்லை என்று கணக்கறிந்தவர் ஊருக்குப் போகாமலே சொல்லிவிடுவார். வயதும் இவ்வாறே, நம் மக்கள் 40, 45, 50 என்று ஐந்தின் மடங்காகவே வயது சொல்வது மக்கட்கணக்கெடுப்போர் நெடுங்காலமாய் அறிந்தது.

இனிக் கணினிப் பகுதிக்கு வருவாம். மாணவர்களுக்கு இதில் ஆர்வம் மிகுதியாகலின் சிறிது விரித்துக் கூறுதல் தகும்.

வெற்றுக் கட்டம் என்பதன் பொருளை முதலில் தீர்மானித்தல் வேண்டும். எடை என்னும் கட்டம் காலியாய் இருக்கிறது. அளக்க மறந்தனரா? எடைப்பொறி பழுதா? அன்றி, நோயாளி அதன்மேல் ஏறி நிற்க முடியாத நிலையில் இருந்தாரா? மூன்றும் காலிக் கட்டமாகவே தோன்றும். ஆனால் மூன்றாமவரே சாவுக்கு மிக அருகில் இருப்பவர். “எடையில்லாதவரைக் கணக்கினின்று நீக்கிவிடுக” என்று ஆராய்ச்சியாளர் ஒருவரி கட்டளையிட்டால், மிகக் கொடிய நிலையினர் அனைவரும் ஆராய்ச்சியினின்றே மறைந்துபோவர். எஞ்சியோரைக்கொண்டு, நம் திட்டம் நன்றாய் நடக்கிறது என்று அறிக்கை எழுதலாம்! ஆகையால் ‘அளக்கவில்லை’ என்பதற்கும், ‘அளக்க இயலவில்லை’ என்பதற்கும் தனித்தனிக் குறி வேண்டும். இரண்டையும் ஒருபோதும் சுழியால் எழுதலாகாது. மேற்கண்ட ஐந்தனுள் ‘நிற்க இயலுமா’ என்பதும் ஒன்றாய் இருத்தலால், எடைபார்க்க முடியாதவரும் அங்கே நழுவாமல் அகப்படுகிறார்.

எழுதும்போதே பிழையைத் தடுப்பது கணினியின் தனிச்சிறப்பு. 160க்குப் பதிலாக 16 என்றோ 1600 என்றோ தட்டினால், அக்கணமே அது மறுத்துக் கேட்கும். நோய் கண்டறிந்த நாள் மருந்து தொடங்கிய நாளுக்குப் பின்னாய் இருந்தால் வினாவும். நாளை எழுதும் முறையிலும் இடர் உண்டு. நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுவோம். அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவர். அவ்வழக்கப்படி அமைந்த கணினி ஏப்பிரல் 3ஐ மார்ச்சு 4 ஆக்கிவிடும். பன்னிரண்டாம் தேதிவரை அது பிழையென்று தானும் அறியாது. தடுப்பும் அளவுடன் இருத்தல் வேண்டும்; உண்மையாகவே 26 கிலோ எடையுள்ள பெரியவர் வந்தால், “ஒப்பேன்” என்று கணினி முரண்டினால், செவிலியர் 36 என்று எழுதித் தப்பித்துக்கொள்வார். ஆகவே அரிதான எண்ணை மறுக்காமல், “மெய்தானா?” என்று ஒருமுறை கேட்டு ஏற்பது நலம்.

நம் பக்கத்தில் மிகுந்த தொல்லை தருவது பெயர். பழனியம்மாள் என்னும் பெயரிலுள்ள ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ஓரெழுத்தாலும் மற்றொருவர் ஈரெழுத்தாலும் எழுதுவர். மகரத்தை ஒருவர் இரட்டிப்பார், ஒருவர் இரட்டியார். முன்னெழுத்து மணத்துக்குமுன் தந்தையினுடையது, பின்னர்க் கணவனுடையது. ஆத்தூரில் ஒருமுறையும் சேலம் பெரியாஸ்பத்திரியில் ஒருமுறையும் எழுதப்பட்ட ஒரே பழனியம்மாளைக் கணினி இரண்டு பெண்களாக எண்ணும். ஒருத்தி மருந்தைப் பாதியில் விட்டவள் என்றும், மற்றொருத்தி புதியவள் என்றும் கணக்கேறும். கைபேசி எண்ணால் அறியலாமெனின், அவ்வெண் பெரும்பாலும் வீட்டு ஆண்பிள்ளையினுடையது. நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் அவர் லாரியிலோ ரிக் வண்டியிலோ நாகபுரிக்கு அப்பால் இருப்பார். ஆதலின் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண் வேண்டும். அவ்வெண்ணைத் தட்டும்போது பிழை நேராமற் காக்கவும் வழி வேண்டும். ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கம் அதற்கென்றே அமைந்தது. முன்னுள்ள பதினோரிலக்கங்களினின்று ஒரு கணக்கால் அது பெறப்படுவது. ஓரிலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம்மாறினாலும், கணக்கு ஒவ்வாது. பிழை உடனே வெளிப்படும். எண்ணியல் பயிலும் மாணவர் இதன் விதியை ஆராய்ந்து பார்ப்பது இன்பந்தரும்.

கொல்லிமலையின் சிற்றூர்களிலும், ஏற்காட்டுக்கு அப்பாலுள்ள மலைக்கிராமங்களிலும் கைபேசி அலை எட்டாத இடங்கள் உள்ளன. அங்கே எழுதியதைக் கருவியே சேமித்து வைத்திருந்து, அலை கிடைத்த இடத்தில் அனுப்புதல் வேண்டும். இவ்வசதியை உட்கொண்ட இலவசச் செயலிகள் பல உள. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கப்பெற்ற ‘ஓப்பன் டேட்டா கிட்’ கைபேசிக்கென்றே எழுந்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004இல் பிறந்த ‘ரெட்கேப்’ மருத்துவ ஆராய்ச்சி நிலையங்களில் வழங்குவது; யார் எந்நாளில் எந்தக் கட்டத்தை எவ்வாறு மாற்றினார் என்பதையும் அது எழுதிவைக்கும். இவையெல்லாவற்றுக்கும் முன்னோடி, அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தார் 1985இல் வெளியிட்ட ‘எபி இன்ஃபோ’. எனவே ஒரு கல்லூரித் துறையோ சிறு மருத்துவமனையோ செயலிக்காகப் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. செலவிட வேண்டியது எடைப்பொறிக்கும் பயிற்சிக்கும்.

காகிதம் ஒழிந்ததா என்றால், இல்லை. நம் மாநிலத் திட்டத்திலும் நோயாளியின் அருகில் முதலிற் காகிதச் சீட்டும், பின்னர்க் கணினியும் கையாளப்பட்டன. மின்சாரம் நின்றாலும் காகிதம் நிற்காது. கூட்டத்தின் நடுவே கைபேசித் திரையைத் தடவிக்கொண்டிருப்பதினும் பேனாவால் ஐந்து குறியிடுதல் விரைவு. காகிதத்தினின்று கணினிக்கு ஏற்றும்போது புதுப்பிழை புகும் என்பது உண்மையே. முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒரே சீட்டை இருவர் தனித்தனியே ஏற்றி, இரண்டையும் ஒப்பிட்டு வேறுபட்டவற்றைச் சீட்டோடு பார்த்துத் திருத்துவர். பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டையும் குறிப்பேட்டையும் ஒத்துப்பார்த்ததும் இம்முறையேயன்றோ?

மறைபொருளைக் காத்தல் பற்றியும் ஒரு சொல். காசநோய் குணமாகும் நோயென்று நாம் எத்துணை முழங்கினாலும், ஒரு பெண்ணுக்கு அந்நோய் இருந்ததென்று ஊரறிந்தால் அவள் மணப்பேச்சு நின்றுபோவதுண்டு; லாரிப் பட்டறையில் வேலையிழப்போரும் உளர். ஆகவே ஆராய்ச்சியாளர் கைக்குப் போகும் ஏட்டில் பெயரும், தெருவும், கைபேசி எண்ணும் இருத்தலாகாது. அவற்றைச் சிகிச்சை செய்வோர் தனியே வைத்திருத்தல் வேண்டும். இரண்டையும் இணைக்கும் எண் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், மனிதரைப்பற்றிய ஆராய்ச்சி எதற்கும் முன்கூட்டி அறநெறிக் குழுவின் இசைவு வேண்டுமென்கின்றன. 2023இல் இயற்றப்பட்ட தனிமனித விவரப் பாதுகாப்புச் சட்டமும் ஆராய்ச்சிக்குச் சில சலுகைகளை அளிப்பினும், அவ்விவரத்தைக்கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப்பற்றி முடிவெடுத்தலாகாது என்று வரம்பிடுகிறது. சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரே விவரத்தைப் பயன்படுத்துவோர் இவ்வரம்பைக் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

ஐந்து விவரங்களின் கதை எங்கே சென்றதென்று இனிப் பார்ப்போம். 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை தமிழ்நாட்டின் அரசு மருத்துவ நிலையங்களில் நோய் கண்டறியப்பட்ட ஏறக்குறைய 56,000 பேருடைய குறிப்புக்களை நோய்ப்பரவியல் நிறுவனத்தார் ஆராய்ந்தனர். வந்த அன்று எழுதிய ஐந்தெண்ணும் ஒருபுறம்; அவர் பிழைத்தாரா இறந்தாரா என்பது மறுபுறம். இவற்றை இணைத்து, இன்னின்ன எண்ணுடையார் இறக்கக்கூடிய அளவு நூற்றுக்கு இவ்வளவு என்று கணிக்கும் ஒரு சூத்திரம் வகுக்கப்பட்டது. கடுநிலையினர் அல்லாதாருக்கு அவ்வளவு நூற்றுக்கு 1 முதல் 4 வரை; கடுநிலையினருக்கு 10 முதல் 50 வரை. 2025ஆம் ஆண்டில் அச்சூத்திரம் ‘டி.பி. சேவா’ச் செயலியிலேயே சேர்க்கப்பட்டது. அதன்பின் ஐந்தெண்ணையும் ஏற்றிய உடனே, அந்நோயாளியின் அபாய அளவும் பணியாளர் கண்முன் தோன்றுவதாயிற்று. கீழே எழுதிய விவரம் மேலே சென்று, ஆராய்ச்சியாகிப் பழுத்து, எழுதியவர் கைக்கே மீண்டுவந்தது.

இதன் தேவையைக் காட்டுவது மற்றோர் எண். நோய் கண்டறிந்த நாளுக்கும் மருத்துவமனையிற் சேர்ந்த நாளுக்கும் இடையே மாநிலத்திற் சராசரியாக ஒருநாளே சென்றது. எனினும் கடுநிலையினருள் நாலில் ஒரு பங்கினர் இரண்டு முதல் ஆறுநாள்வரை தாழ்த்தே சேர்க்கப்பட்டனர். சராசரியை மட்டும் பார்ப்பவர் மனநிறைவு கொள்வர். நூற்றுக்கு 10 அபாயமுள்ளவரும் 50 அபாயமுள்ளவரும் ‘கடுநிலை’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தவரை, எவருக்கு முதலில் வண்டியனுப்புவது என்பது தெரிந்திலது. அளவு தெரிந்தபின், ஐம்பதுடையார் அன்று மாலைக்குள் சேர்ந்தாரா என்று மேற்பார்வையாளர் தனியே வினவ இயலும்.

நம் கல்லூரி மாணவர் எவரேனும் இத்தகைய சிற்றாராய்ச்சி ஒன்றைத் தொடங்க விரும்பினால், அணுக்கமான களம் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை மகளிர் பணியாளர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கின்றனர். மாத்திரை வீட்டுக்கு வந்தும் உண்ணாமல் விடுபவர் யார், ஏன் என்பது நல்ல வினா. சேத்துப்பட்டு நிலையத்தாரைப்போல, “சாப்பிட்டீர்களா அம்மா?” என்று கேட்பதோடு நில்லாமல், எஞ்சிய மாத்திரைகளை எண்ணி எழுதலாம், முப்பது நாளுக்குக் கொடுத்ததில் எத்தனை மிச்சம் என்பது ஓரெண்.

கணினியைத் தொடுமுன் ஒரு தாளை எடுத்து, ஆராய்ச்சி முடிந்தபின் வெளியிடப்போகும் அட்டவணையை எண்களின்றி வெறுங் கோடுகளாக வரைந்துகொள்க. ஆண், பெண், தனியே வாழ்வோர், குடும்பத்தோடு வாழ்வோர், தறிவேலைக்குச் செல்வோர், செல்லாதோர் என்று அதில் எந்தப் பத்திகள் உள்ளனவோ அவையே நாம் கேட்கவேண்டியவை. அட்டவணையில் இடம்பெறாத கேள்வி சீட்டிலும் இடம்பெற வேண்டுவதில்லை. அறநெறிக் குழுவின் இசைவும், சுகாதார நிலைய அலுவலரின் இசைவும் பெற்றபின், அப்பணியாளருடன் சென்று பத்து வீடுகளிற் கேட்டுப் பார்க்கவும். நாம் அறையிலிருந்து எழுதிய வினாக்களில் இரண்டு மூன்றேனும் அங்கே பொருள்படாமற் போவதைக் காண்போம். “தனியே வாழ்கிறீரா?” என்றால், பகலில் தனியே, இரவில் மகன் வீட்டில் என்பார் ஒரு பாட்டி. அதற்கேற்பச் சீட்டைத் திருத்தி, மீண்டும் பத்து வீடு. மூன்றாம் முறையும் திருத்தம் வேண்டாத நிலை வந்தபின்பே செயலியை அமைத்தல் முறை. அதற்குப் பின்னும் ஏதேனும் ஒரு வினாவை மாற்ற நேர்ந்தால், பழைய சீட்டை அழித்துவிடாமல், எந்நாளிலிருந்து எவ்வாறு மாறிற்று என்பதை முதற்பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளல் வேண்டும். அந்நாளுக்கு முன்னும் பின்னும் வந்த விடைகளை ஒரே பத்தியிற் கூட்டலாகாது.